பீடத்துணிக்கு ஒரு முந்தானை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கடலோர ஊர் ஒன்றின் மாதா கோயில், தன் நூற்றைம்பதாம் ஆண்டுக்காக 1971இல் ஒரு மலர் போட்டது. ஊரின் பெயரை எழுதமாட்டேன். அந்த மலருக்கு நான் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்? கோயில் சாமான்களின் வரலாறு மட்டும் பன்னிரண்டு பக்கம். கவிழ்ந்த கப்பலிலிருந்து மணி தானே மிதந்து வந்ததாம். தேக்குப் பிரசங்க மேடையை ஒரே ஆள் ஒரே நாளில் செய்தாராம். பலிபீடத்துப் பட்டுத்துணி ரோமாபுரியிலிருந்து வந்ததாம்.

அந்தத் துணியை 1928இல் காஞ்சிபுரத்தில் நெய்தவர் என் தகப்பனார் திருஞானசம்பந்த முதலியார்.

2

முதல் தொடக்கம்: "கடற்காற்று வீசும் மாலையில், மணியோசை..."

[அடித்துவிட்டேன். நான் போனது பகல் பதினொரு மணிக்கு. மிதந்து வந்த மணி விரிசல் விட்டுத் தகரம்போல் ஒலித்தது.]

இரண்டாம் தொடக்கம்: "ஒருநாளும் தவறு செய்யாத என் தகப்பனார்..."

[இதையும் முடிக்கவில்லை.]

3

கோயில் துணிகளுக்குப் பொறுப்பு அன்னம்மாள். முதலில் அவரை ஒன்றும் தெரியாதவராக எழுதினேன். என்னோடு வந்திருந்த தங்கை மங்கையர்க்கரசி அதைப் படித்துவிட்டு, "அந்தம்மா கேட்டதுக்கு உன்னால பதில் சொல்ல முடியல. அதுக்காகக் கதையில ஊமையாக்கிட்டியா, அண்ணா?" என்றாள். ஆகவே பேசவிடுகிறேன்.

"இன்னா முதலியாரே, சண்டை போடவா இவ்ளோ தூரம் வந்துக்கினு இருக்கீங்க?"

"இது ரோமாபுரித் துணி இல்லம்மா. எங்கப்பா நெய்தது."

"அதுக்கு இன்னா அடையாளம்?"

துணியின் இடது முனையைக் காட்டினேன். முழ நீளத்துக்கு ஜரிகை. "இது புடவை முந்தானை. ரோமாபுரியில எவ முந்தானை போடறா?"

அவர் வலது முனையைத் தூக்கினார். வெறும் வெள்ளை. "பீடத்துல ரெண்டு பக்கமும்தானே தொங்குது. இந்தாண்ட ஏன் இல்ல? உங்கப்பாரு தூங்கிட்டாரா?"

4

தூங்கவில்லை. அந்நாளைய பங்குச் சாமியார் கொடுத்த அளவு எட்டு முழம். பலிபீடத்தை என் தகப்பனார் பார்த்ததே இல்லை. எப்படியிருக்கும் என்று கேட்பது தன் மதிப்புக்குக் குறைவென்று கேட்கவுமில்லை. முப்பது வருடம் புடவை நெய்த கை, வழக்கம்போல் ஒரு முனையில் மட்டும் முந்தானை வைத்து முடித்தது.

துணி அவருடையது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அவர் செய்த பிழை.

(மலர் இதற்கும் பொருள் சொல்கிறது: ஒரு பக்கம் விண்ணுலக மகிமை, மறு பக்கம் மண்ணுலக எளிமை. இவர்களுக்குக் கோணல் நாற்காலி ஒன்றைக் கொடுத்தால் அதிலும் வேதாந்தம் எழுதுவார்கள்.)

5

"தப்புன்னு சாமியார்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் அன்னம்மாள், தன் புடவை முந்தானையையும் துணியின் வெறும் முனையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு. குரல் மாறிவிட்டது. "ஜரிகை ஒரு வருசம் படகுக்காரங்க உக்கார்ற பக்கம், அடுத்த வருசம் எங்க தெருக்காரங்க பக்கம். நான்தான் திருப்பிப் போடுவேன். எங்க பக்கம் வர்ற வருசத்துலதான் எங்க பொண்ணுங்களுக்குக் கல்யாணம் வைப்போம். முன்னால உக்கார்றதுக்கே பத்து வருசம் சண்டை போட்டவங்க நாங்க. தப்புன்னு தெரிஞ்சா அவரு அந்த ஜரிகைய உள்ள மடிச்சித் தெச்சுடுவாரு."

மங்கையர்க்கரசி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அதில் மழை ஒழுகிய கறை.

6

இப்போது மலருக்கு மறுபதிப்பு வருகிறது. திருத்தம் கேட்டு நான் கடிதம் போட்டதால், நிரப்பித் தரச் சொல்லிச் சாமியார் அச்சுத்தாள் அனுப்பியிருக்கிறார். 'நெய்தவர்' என்ற இடத்தில் என் தகப்பனார் பெயரை எழுதிவிட்டேன். அதன் கீழே 'சான்று' என்று ஒரு வரி.

முந்தானை என்று எழுதினால் பிழை வெளிப்படும், மடித்துத் தைத்துவிடுவார்கள். எழுதாவிட்டால் பெயர் அச்சேறாது. "வேணும்னேதான் ஒரு முனையில வெச்சாருன்னு எழுதேன்" என்கிறாள் மங்கையர்க்கரசி.

அது பொய். எங்கள் வீட்டில் யாரும் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டதில்லை.

வாசகரே, நீங்கள் எங்கள் வீட்டார் இல்லை. அந்த வரியை உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

சான்று: