கடைசிப் பாட்டின் வேகம்

அக்கா பாடிய இசைத்தட்டுகளின் அட்டையில் எப்போதும் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவளுக்குக் கீழே அந்த மாதத்தில் ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டுகளின் பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். பாடியவர் பெயர் எங்கும் இருக்காது.

இந்த வியாபாரம் நடந்த விதம் இதுதான். ஒரு பாட்டின் மெட்டையும் வரிகளையும், எழுதியவருக்கு உரிய கட்டணத்தைக் கட்டிவிட்டால், யாரும் பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் பிரபலப் பாடகியின் குரல் அவருடைய கம்பெனிக்குச் சொந்தம். அதைத் தொட முடியாது. ஆகவே அதே பாட்டை அதே மாதிரி பாட வேறு ஒருவரைப் பிடிப்பார்கள். பெரிய கம்பெனியின் ஒரு தட்டு விற்கும் விலையில் பாதிக்கு, பல படங்களின் பாட்டுகள் ஒரே தட்டில் கிடைக்கும். சோப்பு விற்கும் கடையிலும் பெட்ரோல் பங்கிலும்கூட அடுக்கி வைத்திருப்பார்கள்.

நான் ஒலிப்பதிவு பார்த்தேன். ரேடியோவில் புதுப்பாட்டு வந்ததும் டேப்பில் பிடித்துவைப்பது என் முதல் வேலை. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்பாள். சுருதியைக் காப்பியடிப்பது சுலபம். பாடகி எங்கே மூச்சு வாங்குகிறாள், எந்த எழுத்தைக் கடிக்கிறாள், எந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே விடுகிறாள் என்று பிடிப்பதில்தான் குரல் குரலாக மாறும். முன்னணியில் இருந்த பாடகிக்கு அக்கா வைத்த பெயர் ‘மகராசி’. மகராசி ஒருமுறை ஜலதோஷத்தோடு பாடிவிட்டாள். அக்காவும் மூக்கடைத்துப் பாடினாள். கேட்ட முதலாளி பதறிப்போய் மாத்திரை வாங்கிவரச் சொன்னார். எதற்கும் பதறுகிற அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அவசரம்’.

மகராசியின் குரல் மேலே, மெல்லிசாக நிற்கும். அதை எட்டிப் பிடித்தே அக்காவின் தொண்டை புண்ணாகிப் போயிருந்தது. வீடு திரும்பினால் பேச்சு வராது. கை ஜாடைதான். பஸ் ஓட்டும் மாமா, ‘எங்க டிப்போவிலகூட ஹார்ன் இல்லாத வண்டியை வெளியே விடமாட்டாங்க’ என்பார். ஒவ்வொரு புதுத் தட்டு வரும்போதும் அதைச் சுழலவிட்டு, “இதுல நீ எது?” என்று கேட்பார். அக்கா விரலால் காட்டுவாள். கட்டிய கணவனுக்கே காட்டித்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஒருநாள் ரிகார்டிங் அறைக்கு வந்த முதலாளியை அக்கா நிறுத்தினாள்.

“முதலாளி, இதோட நான் நின்னுக்கறேன். மருந்துக்கடையில வேலை சொல்லியிருக்காங்க.”

“போன வருஷமும் இதைத்தானே சொன்னீங்க?”

“போன வருஷம் தொண்டை இருந்துச்சு.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சரிம்மா, இப்ப என்ன வேணும்?”

“ஒரே ஒரு பாட்டு. என் குரல்ல பாடிட்டுப் போறேன்.”

“உங்க குரலா?” முதலாளி நிஜமாகவே யோசித்தார். “அது எப்படிம்மா இருக்கும்?”

“எனக்கே மறந்துபோச்சு. அதுக்குத்தான் கேக்கறேன்.”

“ரெண்டாம் பக்கத்துல கடைசிப் பாட்டை எடுத்துக்குங்க. அதுவரைக்கும் எவன் உக்காந்து கேக்கப்போறான்?”

அவர் கொடுத்தது தட்டிலேயே மட்டமான இடம். இசைத்தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. விளிம்பில் ஒரு சுற்று என்பது நீளமான பாதை. நடுவை நெருங்க நெருங்கச் சுற்று சிறுத்துவிடும். அதே அளவு ஓசையைக் குறுகிய பாதையில் நெருக்கி அடைக்க வேண்டும். அதனால் அங்கே கூர்மையெல்லாம் மழுங்கும். அமைதியான பாட்டுகளைக் கடைசியில் போடுவது இதனால்தான். அக்காவுக்கு அதெல்லாம் தெரியும். இருந்தாலும் முகம் மலர்ந்துதான் தலையாட்டினாள்.

வேறொரு சிக்கல் காத்திருந்தது. வாத்தியக்காரர்கள் காலையிலேயே மகராசியின் சுருதியில் வாசித்துப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவின் சொந்தக் குரல் அதற்கு ஒரு படி கீழே இருந்தது. அவர்களைத் திரும்ப அழைக்க அவசரம் சம்மதிக்கமாட்டார்.

“விடுடா, மேலேயே பாடிடறேன்,” என்றாள் அக்கா.

“இரு,” என்றேன்.

டேப் மெதுவாக ஓடினால் சுருதி இறங்கும். வாத்தியங்கள் இருந்த டேப்பை மெதுவாக ஓடவிட்டேன். சுருதி அக்காவின் இடத்துக்கு இறங்கிவந்தது. பாட்டும் கொஞ்சம் நிதானமானது. அதைக் கேட்டுக்கொண்டு அவள் இயல்பாகப் பாட, இரண்டையும் சேர்த்து இன்னொரு மெஷினில் பிடித்தேன்.

முதல் முறை அக்காவின் தொண்டையில் மகராசிதான் வந்தாள்.

“வந்துட்டா பாரு, கூப்பிடாமலே,” என்று சொல்லிவிட்டு அக்கா வெந்நீர் குடித்தாள். இரண்டாவது முறையும் அவள்தான். பிறகு அக்கா ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கரகரப்பான, அகலமான குரல். நான் வீட்டுக்குள் செருப்போடு வந்தால் திட்டுகிற குரல். பாட்டு முடிந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நான் டேப் பெட்டியின் மேல், ‘வேகம் சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்’ என்று எழுதி, தட்டு வெட்டுமிடத்துக்கு அனுப்பினேன்.

தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். இரண்டாம் பக்கத்தைப் போட்டதும் மாமா வழக்கம்போல் ஆரம்பித்தார்.

“இதுல நீ எது?”

“கடைசிப் பாட்டு வரட்டும். நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்க.”

கடைசிப் பாட்டு வந்தது. துள்ளலாக, மெல்லிசாக, மேலே.

மாமா சங்கடத்தோடு அக்காவைப் பார்த்தார். “இது அவங்கதானே? அந்தப் பாடகி?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கீழே இறங்கி, வீட்டுக்கு அடியில் இருந்த தையல்கடைப் போனிலிருந்து வெட்டுக்காரரைக் கூப்பிட்டேன். டேப்பில் இருப்பதைத் தட்டில் பள்ளமாக வெட்டித் தருகிறவர் அவர். ஒவ்வொரு பாட்டையும் ரேடியோப் பதிவோடு ஒப்பிட்டு, ஒலி வேறுபட்டால் சரிசெய்வது அவர் வழக்கம்.

“கடைசிப் பாட்டா? நல்லவேளை ஞாபகப்படுத்தினே,” என்றார். “எந்தப் புண்ணியவான்யா உன் மெஷினைப் பார்த்துக்கறது? டேப் இழுவையா இழுத்துச்சு. நான்தான் வேகத்தைக் கூட்டி, ஒரிஜினலோட கச்சிதமாச் சேத்து வெச்சேன்.”

“பெட்டி மேல எழுதியிருந்தேனே அண்ணே.”

“பெட்டியில எழுதறதை நம்பினா நான் என்னிக்கோ வீட்டுக்குப் போயிருப்பேன். நான் காதைத்தான் நம்புவேன். முதலாளிகூட, ‘இந்தப் பாட்டுதான் அச்சு அசல்’னு சொன்னார் தெரியுமா?”

சுருதி அக்காவிடமிருந்து மகராசிக்கு ஏறியபோது, அக்காவின் குரலும் கூடவே ஏறியிருக்கிறது. சிரமப்படாமல் பாடியதால் இதுவரை பாடியதிலேயே மகராசிக்கு மிக நெருங்கிய பாட்டு அதுதான். தட்டுகள் கடைகளுக்குப் போய்விட்டன. அடுத்த மாதம் புதுத் தட்டு வந்ததும் இதை எவரும் சீந்தமாட்டார்கள்.

மேலே வந்து சொன்னேன். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“விடுடா. அவரும் அவர் வேலையைத்தானே பார்த்திருக்கார்.”

“எனக்குப் புரியல,” என்றார் மாமா. “இப்ப இது வேகமா ஓடுது. அவ்வளவுதானே?”

“ஆமா மாமா.”

“அப்ப பிரேக் போட்டா?”

ஊசியைத் தூக்கிக் கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தார். ஆள்காட்டி விரலைத் தட்டின் விளிம்பில் பதித்தார். ஒரு கிழட்டு ஆண் குரல் முனகியது.

“இது உங்க குரல்,” என்றாள் அக்கா. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

“இருடி. லேசா மிதிக்கணும்.” வழுக்கும் தெருவில் வண்டியை நிறுத்துகிறவர்போல மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை மெல்ல ஒட்டினார். பாட்டு இறங்கியது. கொஞ்சம் தள்ளாடியது. பிறகு கரகரப்பாக, அகலமாக, நடுக்கத்தோடு அந்த அறைக்குள் வந்துவிட்டது.

மாமா நிமிரவில்லை. “நீ,” என்றார். “இது நீ.”

அக்கா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மற்றவர்களின் பாட்டுகளைக் கேட்கிற மாதிரியே கேட்டாள். மாமாவுக்கு விரல் வலிக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

“அந்த ரெண்டாவது வரியில,” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே, “மூச்சு வாங்கியிருக்கக் கூடாது.”