கவிழாத வள்ளம்

செபமாலை பாதியில் நின்றது. புருசன் எமிலின் சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த றஞ்சிதம் எழும்பி வாசலை நோக்கி நடந்ததுதான் காரணம். புருசனின் தமையன் சிங்கராசா கோடாலியோடு கடற்கரைக்கு இறங்குவதை அவள் யன்னலால் கண்டுவிட்டாள்.

"எங்கையடி போறாய்? இண்டைக்குப் பெட்டியை விட்டு நீ அசையக் கூடாது!" மூத்த மச்சாள் சேலையைப் பிடித்தாள். றஞ்சிதம் உருவிக்கொண்டு போனாள்.

மணலில் ஏற்றியிருந்த மஞ்சள் கயாக் வள்ளத்தின் முன்னால் சிங்கராசா நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"விலகு பிள்ளை. இந்த விளையாட்டுச் சாமான்தான் என்ர தம்பியைச் சாகடிச்சது. அவனை அடக்கம் பண்ண முந்தி இதைத் துண்டு துண்டாக்கோணும்."

அவள் விலகவில்லை.

யுத்தத்தின் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டு எமிலின் வலது கை முழங்கையோடு போயிருந்தது. அதற்குப் பிறகு துடுப்பும் இல்லை, எஞ்சின் கயிறும் இல்லை. தமையனின் மீன்பிடிப் போட்டில் ஒரு மூலையில் குந்தியிருந்து தண்ணீர் இறைத்தான். மற்றவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினான். சிங்கராசா அவனுக்கு மீனில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. இரங்கிக் கொடுத்த அந்த மீன் எமிலுக்குத் தொண்டையால் இறங்கவில்லை. சைக்கிள் மாதிரிக் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கை ஃபோனில் கண்ட அன்று, "கால் ரெண்டும் இருக்குத்தானே றஞ்சி," என்றான்.

கற்பிட்டியில் மூடிக்கிடந்த ஹோட்டலொன்று அப்படியான இரண்டை விற்கப் போட்டிருந்தது. இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். விற்கிறவன் ஒடுங்கிய நீளமானதையே புகழ்ந்தான். அம்பு மாதிரி ஓடுமாம். எமில் அதில் ஏறி எழும்பி நின்றான். அடுத்த கணம் தண்ணீருக்குள் கிடந்து சிரித்தான். பிறகு மற்றதில் ஏறினான். அகன்று, கட்டையாய், எருமை போல மிதந்தது அது. அதிலே நின்றான், குனிந்தான், ஒரு பக்கமாகச் சாய்ந்தும் பார்த்தான். "றஞ்சி, நீயும் வந்து விளிம்பில இரு!" அவள் பயந்து பயந்து இருந்தாள். விளிம்பு தாழ்ந்தது, கவிழவில்லை.

"அது ஓடாது அண்ணை. வயசானவை இருந்து போட்டோ எடுக்கிறது," என்றான் விற்கிறவன்.

"ஓட்டம் கிடக்கட்டும் தம்பி. ஒரு கையால வலை இழுக்கேக்க நான் எதைப் பிடிக்கிறது? வள்ளம்தான் என்னைப் பிடிச்சிருக்கோணும்."

அந்த வருசம் முழுக்க தங்கள் ஊர் ஓலைத்தொடுவாய்க் கரையில் எமில் தனியே போய்த் தனியே வந்தான். முந்தாநாள் காலை வரவில்லை. கரைவலைக்காரர் கண்டபோது, மஞ்சள் கயாக் காற்றோடு மெல்லக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அவன் இருந்தபடியே இருந்தான். தலை மட்டும் சரிந்திருந்தது. நெஞ்சு நின்றுபோனதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"என்ர போட்டில இருந்திருந்தா பக்கத்தில ஆள் இருந்திருக்கும்," என்றார் சிங்கராசா. "தூக்கிக்கொண்டு ஓடியிருப்பம்."

"ஓம் அத்தான், ஓடியிருப்பியள். ஆனா உங்கட போட்டில அவர் தண்ணி இறைச்சவர். இதிலதான் மீன் பிடிச்சவர்."

அவள் கயாக்கின் விளிம்பில் கை வைத்தாள்.

"செத்த பிறகும் அவரை இது கடலில விழுத்தேல்லை. இதை வெட்ட விடமாட்டன். கோடாலியைக் கொண்டுபோய் வைச்சிட்டு, பெட்டி தூக்க வாங்கோ."

சிங்கராசா கோடாலியைத் தோளில் போடாமல், மணலில் இழுத்தபடியே வீட்டுப் பக்கம் நடந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடிந்ததும் றஞ்சிதம் புருசனின் சேர்ட்டைத் தன் உடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டு கரைக்கு வந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் வாசல் தாண்டக் கூடாதென்று பின்னால் மச்சாள் கத்தினாள். எமில் விட்ட நண்டு வலை இன்னும் கடலில் கிடந்தது.

"வலையை நான் தூக்கித் தாறன், பிள்ளை," என்றார் கரையில் நின்ற சிங்கராசா.

"வேண்டாம் அத்தான். எங்கட வலை."

கயாக்கைத் தனியே தண்ணீருக்குள் இழுத்து ஏறி இருந்தாள். அது சற்றே ஆடி நிலைத்தது. காலை நீட்டினாள், மிதி எட்டவில்லை. இருக்கைக்கு அடியில் தடவிக் கொக்கியைக் கழற்றினாள். பல்லுப் பல்லாய் வெட்டியிருந்த தடத்தில் இருக்கையை ஒரு பல்லு முன்னால் இழுத்தாள். போதவில்லை. இன்னும் ஒரு பல்லு இழுத்தாள்.