அன்னம்மாள் சொரூபத்துக்குப் பின்னால்

லூசியானாவில் இறால் படகு வைத்திருந்த ஒரேலியன், ஞாயிறு பூசைக்கே இழுத்துக்கொண்டு போகவேண்டிய ஆள். மார்ச்சிலிருந்து அவர் தினமும் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவது மனைவி ஒடீலுக்கு உறுத்தியது. ஒரு நாள் பின்னாலேயே போனாள். புனித அன்னம்மாள் சொரூபத்துக்குப் பின்னாலிருந்து அவர் ஒரு படத்தை எடுத்து வைத்து முழந்தாளிட்டார். போன வருஷம் இறந்த மெதடிஸ்ட் நர்ஸ் ஹேசலின் படம்.

"இவகிட்ட உங்களுக்கு என்ன வேண்டுதல்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ காய்ச்சல்ல கெடந்தப்ப மூணு நாள் கண்ணு மூடாமப் பாத்துக்கிட்டவ. உன் கண் ஆபரேஷனுக்காகத்தான் கேக்குறேன்."

"நல்லா இருக்கு கதை! அவ நம்ம சபையே இல்லையே!"

சத்தம் கேட்டுப் பாதிரியார் வந்தார். விஷயத்தைக் கேட்டவர், "மோட்சத்துல இருக்காங்கன்னு நம்பினா, தனியா வேண்டிக்கலாம்மா. தப்பில்ல. ஆனா திருச்சபை புனிதர்னு சொல்லாதவங்க படத்தக் கோயில்ல வைக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒடீல் படத்தைப் பிடுங்கி அடுப்புக்கு மேலே மாட்டினாள்.

"இங்கயே வேண்டிக்குங்க. சத்தமா, என் காதுல விழற மாதிரி."