பயிற்சி பெற்ற மருமகள்

"வீல்சேர் எங்க அத்தை?"

மருமகள் கேட்டது மாமியாரைத்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் கூடத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். போட்ட முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துப் போட்டானே தவிர, அவள் கணவன் தலையைத் தூக்கவில்லை.

மாமியாரின் ஒரு கையில் குளிக்கும் குவளை, மறு கையில் துண்டு. இரண்டையும் மருமகள் பக்கம் நீட்டினாள்.

"பரண்ல இருக்கு. இனிமே அது எதுக்கு? இந்தா, போய் உன் நாத்தனாரைக் குளிப்பாட்டு. ஆயாவை நேத்தோட நிக்கச் சொல்லிட்டேன்."

"இன்னிக்கு எனக்குக் கடைசிப் பரீட்சை அத்தை. அண்ணியும் நானும் தையல்கடைக்குப் போகணும். ட்ரெயினிங் சார் அங்க வந்து காத்துக்கிட்டிருப்பார்."

"பரீட்சைதான் போன மாசமே எழுதிட்டியே! தூக்கத் தெரியும், திருப்பிப் படுக்க வைக்கத் தெரியும். இதுக்கு மேல என்ன தெரியணும்? சர்ட்டிபிகேட்டை மாட்டி வைக்கச் சுவத்துலகூட இடம் இல்ல."

மாமியார் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். கோபமாகச் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். சிரித்துக்கொண்டு சொன்னால் எதிராளி என்ன செய்வாள், பாவம்!

மருமகள் கணவனைப் பார்த்தாள். "ஏங்க, பரண்ல யாருங்க வச்சது?"

"அம்மா சொன்னாங்க," என்றான் அவன், ஷூவிடம்.

பரண் கதவுக்குப் பூட்டு. சாவி மாமியாரின் இடுப்பில்.

இந்த வீட்டுக்கு அவள் வாழ்க்கைப்பட்டபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், சொந்த வீடு. அப்படிப்பட்டவர்கள் நகை கேட்கவில்லை, பாத்திரம் பண்டம் கேட்கவில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பொண்ணு மட்டும் போதும்," என்றாள் மாமியார். பெண் பார்க்க வந்தவள் பெண்ணின் நிறத்தையோ படிப்பையோ பற்றிக் கேட்கவில்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது இவள்தானா, முகம் சுளிக்காமல் செய்தாளா என்றுதான் விசாரித்தாள். எவ்வளவு நல்ல மனசு என்று அம்மா அன்றைக்குக் கண் கலங்கினாள். கலங்கத்தான் செய்தாள், காரணம்தான் வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள் என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. நாத்தனார் என்றால் புதுப்பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும். இந்த நாத்தனாரோ பின்கட்டு அறையில், வெளுத்துப்போன நைட்டியில், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே கைகால் வசமில்லை. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு வரும். அந்த இடைவெளிக்குள் மாமியார் புகுந்துவிடுவாள். "தண்ணியா? போர்வையா? மூத்திரமா?" இந்த மூன்றையும் தவிர வேறு ஒன்றை அவள் கேட்கக்கூடும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

மருமகளுக்குத் தோன்றியது. அதனால்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு அவரவர் தெருவிலேயே துணைநிற்கும் வேலைக்கான பயிற்சியில் சேர ஆசைப்பட்டாள். பயந்து பயந்துதான் கேட்டாள். மாமியார் உடனே தலையாட்டினாள். "படிம்மா. புண்ணியமான படிப்பு." கணவன் தினமும் பைக்கில் கொண்டுபோய் விட்டான். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? இடுப்பு வலிக்காம தூக்குறது எப்படின்னு சொன்னாங்களா?" என்று ஆசையாகக் கேட்பான். என் படிப்பில் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று அவள் பூரித்துப்போவாள். பைத்தியக்காரி!

பயிற்சி நிலையத்தில் முதல் வாரமே மாணவிகளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள். கூட வந்தவள் தள்ள, இவள் உட்கார்ந்து போனாள். டீக்கடைக்காரர் இவளை விட்டுவிட்டுத் தள்ளியவளைப் பார்த்து, "அவங்களுக்குச் சக்கரை போடலாமா?" என்றார். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாக்கு எனக்கு இருக்குங்க!" என்று கத்திவிட்டாள். வீட்டில் வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் கழித்துப் பின்கட்டிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அது ஓயவில்லை.

பயிற்சியாளர் காதில் கருவி மாட்டியிருக்கும் இளைஞர். எதைக் கேட்டாலும் "அவங்களையே கேளுங்க" என்பார். சோறு ஊட்டலாமா சார்? அவங்களையே கேளுங்க. ஜன்னலைத் திறக்கலாமா சார்? அவங்களையே கேளுங்க. மாணவிகள் அவருக்குக் 'கேளு சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படிக் கேட்கப் போய்த்தான் நாத்தனாரின் ஆசை தெரிந்தது. தெருமுனைத் தையல்காரரிடம் தானே போய் அளவு கொடுத்து, தனக்குப் பிடித்த நிறத்தில், பாக்கெட் வைத்த ஒரு சட்டை தைத்துக்கொள்ள வேண்டும். அதையே மருமகளின் கடைசிச் செய்முறைப் பரீட்சையாகக் கேளு சார் வைத்துவிட்டார். இதில் தேறினால் வேலை. இந்த வட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் போய்வரும் வேலை. இன்று போகாவிட்டால் வருடம் பூராவும் படித்தது வீண்.

"அத்தை, நான் பாஸ் பண்ணா வேலை கிடைக்கும்," என்றாள் மருமகள்.

"ஊரார் வீட்டுக்குப் போய் ஊழியம் பண்றதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்? சொந்த வீட்ல ஒருத்தி கிடக்கா. ஆயா எத்தனை நாளைக்கு வருவா? எனக்கும் வயசாகுது. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் உன்னை எடுத்தோம்."

"எடுத்தீங்களா?"

"பின்னே? சும்மாவா ஒண்ணும் வேண்டாம்னு சொன்னோம்? வேணும்னா உங்கம்மாவைக் கேட்டுப் பாரு. எல்லாம் பேசி முடிச்சதுதான்."

கேட்டாள். அங்கேயே நின்று போன் போட்டாள். அம்மா முதலில் நலம் விசாரித்தாள், பிறகு மென்று விழுங்கினாள்.

"அப்பா போன வீடுடி. உனக்குக் கீழ ரெண்டு பேரு. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்... நீ எப்படியும் செய்யறவதானேன்னு..."

மருமகள் போனை வைத்தாள். அழுகை வரவில்லை. மாமியார் எப்படிப்பட்டவள் என்று ஓரளவுக்கு அவளுக்குத் தெரியும். அம்மாவும் புருஷனும் சேர்ந்து நம்பவைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீங்களுமா?" என்றாள் கணவனிடம்.

"உன்னைப் படிக்க வச்சது நான்தானே? இப்ப எதுக்கு இப்படிப் பார்க்கறே? அக்காவுக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு. நீ வீட்ல இருந்தா அவளுக்கு நல்லது, எல்லாருக்கும் நிம்மதி."

"அக்காவைக் கேட்டீங்களா?"

"அவளுக்கு என்ன தெரியும்!" என்று இடையில் புகுந்தாள் மாமியார். "நேத்து எதிர்வீட்டுக்காரி கேக்கறா, வண்டியில போச்சே அது யாருன்னு. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். நீ வந்து தெருவுல உருட்டிக்கிட்டுத் திரியறே."

மருமகள் குவளையை வாங்கவில்லை. பின்கட்டுக்குப் போனாள். மாமியாரும் கணவனும் பின்னாலேயே வந்தார்கள்.

நாத்தனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டி நைட்டியின் தோள் நனைந்திருந்தது. அறையை ஒட்டிய குளியலறையில், சுவர்க் கம்பியைப் பிடித்து, முக்காலியில் உட்கார்ந்து குளிக்க மருமகள் எப்போதோ பழக்கிவிட்டிருந்தாள். இந்தப் படிப்பில் தூக்குவதற்குச் சொல்லிக்கொடுத்ததைவிடத் தூக்காமல் இருப்பதற்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். பெற்ற தாய்க்கு அது தெரியாது. ஈரத்தலையோடு இருக்கும் மகளுக்கு முன்னால் அவள் இன்னமும் குவளையும் துண்டுமாக நின்றாள்.

மருமகள் கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, எல்லாம் கேட்டிருக்கும். எனக்கு இது எதுவும் தெரியாது அண்ணி. நீங்க சொல்லுங்க. இன்னிக்கு உங்களுக்கு என்ன வேணும்?"

நாத்தனாரின் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"தண்ணியா?" என்றாள் மாமியார்.

"பொறுங்க அத்தை."

"பசிக்குது போல..."

"பொறுங்கன்னு சொன்னேன்!"

அந்த வீட்டில் மருமகள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். அந்த அமைதியில் நாத்தனாரின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"சட்டை... தைக்க... போகணும்."

"வண்டி கிடையாதுடி," என்றாள் தாய்.

நாத்தனார் தாயைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் புரண்டு, முழங்காலை ஊன்றி, மெதுவாகத் தரைக்கு இறங்கினாள். விழுந்தால் பயப்படக்கூடாது என்பதற்காக மருமகள் பழக்கியது அது. உட்கார்ந்த வாக்கில், கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து நகர ஆரம்பித்தாள். அறையைத் தாண்டினாள். நடையைத் தாண்டினாள். கூடத்துக்கு வந்து வாசலை நோக்கித் திரும்பினாள்.

"ஐயோ, எங்கடி போறே? டேய், பிடிடா!"

கணவனுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. குனிந்தான், நிமிர்ந்தான். "நீ பார்த்துக்கிட்டே நிக்கறியே! படிச்சவதானே? தூக்கு அவளை!" என்று மனைவியிடம் கத்தினான்.

"அவங்களையே கேளுங்க."

"அக்கா, தூக்கட்டுமா?"

வாழ்நாளில் அவன் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"வேண்டாம்," என்றாள் நாத்தனார். அந்த ஒரு சொல் மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

மருமகளும் தரையில் உட்கார்ந்து, அவளுக்குப் பக்கத்திலேயே நகர்ந்தாள். வாசல் கதவை நாத்தனாரே எட்டித் தள்ளினாள். வெயில் உள்ளே விழுந்தது. எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றாள். நாத்தனார் முதல் படியில் இறங்கினாள். ஈர நைட்டியில் மண் ஒட்டியது.

"பார்க்கறாங்கடா! தெருவே பார்க்குதுடா! மானம் போகுது!" மாமியார் இடுப்புச் சாவியைப் பிடுங்கி மகன் மேல் எறிந்தாள். "போடா, அந்த வண்டியை எடுத்துக் குடுத்துத் தொலைடா!"

இத்தனை வருடம் அந்தப் பெண்ணை உள்ளே பூட்டி வைத்ததும் இதே மானம்தான்.

சக்கர நாற்காலி படிக்குக் கீழே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவன், "சாயங்காலம் பேசிக்கலாம்," என்று மனைவியிடம் முணுமுணுத்தான்.

"பேசலாம். நீங்க உங்கம்மாகிட்டப் பேசினதை முதல்ல என்கிட்டச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

மாலையில் இந்த வீட்டுக்குத் திரும்புவதா, அம்மா வீட்டுக்கா, இரண்டுமே இல்லையா? அவளுக்கு அப்போது தெரியவில்லை. இனி அவன் அன்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடத்தான் போகிறாள். அது மட்டும் தெரிந்தது. நாத்தனாரைக் கேட்டுக்கொண்டு அவளை நாற்காலியில் ஏற உதவிவிட்டுத் தள்ளினாள்.

தையல்கடை வாசலில் கேளு சார் இருந்தார். எதையும் கேட்காமல் ஓரமாக நின்று கவனித்தார். தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, வழக்கம்போல மருமகளைப் பார்த்து, "அவங்களுக்கு என்ன கலர்?" என்றார். மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு குனிந்து மறுபடி கேட்டார்.

"பச்சை... கிளிப்பச்சை."

"பாக்கெட் எவ்வளவு பெருசும்மா வேணும்?"

"வீட்டுச் சாவி... போற... அளவுக்கு."

தையல்காரர் அளவைக் குறித்துக்கொண்டார். கேளு சார் அப்போதுதான் பக்கத்தில் வந்தார். மண் ஒட்டிய நைட்டியையும், மருமகளின் முழங்காலில் அப்பியிருந்த புழுதியையும் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு லேட்?" என்று மருமகளிடம் தொடங்கியவர், நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "மன்னிக்கணும். நீங்க சொல்லுங்க. என்ன ஆச்சு?"

நாத்தனார் மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சொற்கள் சேர நேரமாயிற்று. யாரும் குறுக்கே புகவில்லை.

"வீட்ல... ஒரு வேலைக்காரி... தேவைப்பட்டுச்சு," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தாள். "கிடைக்கல."