கேம் கம்பெனிக்குக் கொண்டுபோன சேவல்

என் மருமகன் அபிஷேக் ஊரப்பாக்கத்துக்கிட்ட லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அவனுக்கும் என் மகள் பிரிசில்லாவுக்கும் போனில் ஒரு கேம் உண்டு. ரெண்டு பேரும் சேர்ந்து அதற்குள் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். மண்ணில் கட்ட வக்கில்லை, அதில் கட்டினார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும், அந்த வீட்டுக் கதவைத் திறந்தால், அவன் பேசிவைத்த குரல் வரும். "பிரிசி, சாப்ட்டியா? நான் வர லேட்டாவும், கதவ சாத்திக்கினு படு." அவன் குரல் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அவள் அதைத்தான் கேட்பாள்.

அவன் செத்ததைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். உடனே பதில் வந்தது. உங்கள் துக்கத்தில் எங்களுக்கும் பங்குண்டு, நீங்கள் எங்கள் குடும்பம், உங்கள் வீடு என்றைக்கும் பத்திரம் என்று. அன்றிலிருந்து கம்பெனி அவளுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி ஆகிவிட்டது.

போன மாசம் அதே கம்பெனி, கேமை மூடப்போகிறோம் என்றது.

"மூட மாட்டாங்க நைனா. நல்லவங்க. நம்ம கஷ்டம் அவங்களுக்குத் தெரியும்."

"திருட்டுப் பசங்க. பயங்காட்டி இன்னும் டப்பு புடுங்கப் பாக்கறானுங்க."

"உனக்கு எல்லாரும் திருடன்தான். கர்த்தரையே சந்தேகப்படுவ நீ."

"அவரு கேம் விக்கலியே."

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது என்றார்கள். திருடனாக இருந்தாலும் நேரில் போய் நின்றால் கொஞ்சம் கூசுவான். எங்கள் அப்பா காலத்தில் ஆண்டையிடம் எதையாவது கேட்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். பூசணிக்காயோ கோழியோ கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு நிற்பார்கள். அவர் உதைப்பார், இல்லை இரங்குவார். ரெண்டில் ஒன்று நடக்கும். நானும் ஒரு சேவலைக் காலைக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டில் பஸ் ஏறினேன்.

கண்ணாடிக் கட்டடம். வாசலில் இருந்த காவலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா பெருசு, இங்க இன்னா பிரியாணிக் கடையா கீது?"

"மொதலாளியப் பாக்கணும்."

"நானே பாத்ததில்ல. நீ பாத்தா எனக்கும் காட்டு."

நான் நகரவில்லை. கடைசியில் சஹானா என்று ஒரு பெண் இறங்கி வந்தாள். நல்ல பெண். வெயிலில் நின்றே முழுசும் கேட்டாள்.

"இங்க இருக்கிறவங்க மெயிலுக்கு மட்டும்தான் ஐயா பதில் போடுவோம். மூடறத நாங்க முடிவு பண்றதில்ல."

"வேற யாரு? அவன் பேரச் சொல்லு. எங்க மேல இன்னா கோவம் அவனுக்கு?"

"கோவம்லாம் இல்லங்கய்யா. ஆடறவங்க கம்மியாயிட்டாங்க, மூடறாங்க. உங்க பொண்ணு யாருன்னே அங்க யாருக்கும் தெரியாது."

"அப்ப துக்கம் விசாரிச்சு எழுதினது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத யாரும் எழுதல. இறந்துட்டாங்கன்னு மெயில் வந்தா மெஷினே அனுப்பிடும். அந்தக் குரல வேற போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கச் சொல்லுங்க ஐயா. சீக்கிரம்."

சேவலை அவள் வாங்கவில்லை. காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அங்க யாரும் இல்லம்மா. நல்லவனும் இல்ல, திருடனும் இல்ல. ரெக்கார்ட் பண்ணிக்க."

"பண்ணா அவங்கள நம்பலன்னு ஆயிடும் நைனா. வாக்கு குடுத்துகீறாங்க." அப்புறம் என்னோடு பேச்சில்லை.

மூடுகிற நாளும் வந்தது. விடிந்ததும் அவளே என் போனை எடுத்து என் கையில் வைத்தாள். முகம் வீங்கியிருந்தது.

"புடி நைனா. இனிமே கெடைக்காது."

ரெக்கார்டை அமுக்கிக்கொண்டு அவள் போன் பக்கத்தில் பிடித்தேன். அவள் கதவைத் திறந்தாள். "பிரிசி, சாப்ட்டி..." என்று அவன் ஆரம்பித்தான். அதே நேரம் அந்த வீட்டின் மேல் பலூன் பறக்க ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. கவலை வேண்டாம், எங்கள் புது கேமுக்கு வாருங்கள், புது வீடு இலவசம்!

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "டேய், சாவு வூட்ல வந்து வியாபாரம் பண்றியாடா? நீ வெளங்குவியாடா? உங்க ஆத்தா..." என்று வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். நான் மூச்சு விட்டபோது அவன் பேசி முடித்திருந்தான்.

என் போனில் போட்டுக் கேட்டோம். "சாப்ட்டி" வரைக்கும் அபிஷேக். மீதி முழுக்க நான்.

பிரிசில்லா அழவில்லை. போனைத் தரையில் வைத்தாள்.

"யாரத் திட்டின நைனா? அங்க யாரும் இல்லன்னியே."