செசீரா விட்டுக்கொடுத்த முன்சீட்டு

செசீரா எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள். அவளே எழுந்து பேருந்தின் முன்சீட்டை டெல்ஃபினாவுக்கு விட்டுக்கொடுத்ததைப் பார்த்ததும் டெல்ஃபினாவின் கணவர் ஓவிதியோ ஏறிய படியிலேயே நின்றுவிட்டார்.

வருஷா வருஷம் மே மாதத்தில் மாதா கோவில் சார்பாக ஒருநாள் சுற்றுலா போவார்கள். இத்தாலியின் 'போ' என்ற ஆற்றங்கரையிலிருந்து கிளம்பும் அந்தப் பேருந்தில் ஜன்னலோர முன்சீட்டுக்காக இந்த இரண்டு பெண்களும் இருபது வருஷமாக அடித்துக்கொள்வதுதான் ஊருக்குப் பாதிப் பொழுதுபோக்கு. செசீரா விடியுமுன் வந்து கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பாள். டெல்ஃபினா அதை எடுத்துப் பின்னால் வீசுவாள். இந்த வருஷம் ராவென்னா நகரத்துப் பழைய கோவில்கள். கைக்குட்டை வழக்கம்போல் கிடந்தது.

"நீ உக்காரு. எனக்கு வெயில் கண்ணைக் குத்துது," என்றாள் செசீரா.

"வெயிலா? சூரியனே இன்னும் எழுந்திரிக்கலையேடி!"

மற்ற வருஷமாக இருந்தால் பேருந்தே குலுங்கியிருக்கும். இன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. டெல்ஃபினா ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். செசீரா நடைவழிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் டெல்ஃபினாவின் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்கள், அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் ஓவிதியோவையும் மகள் லொரெதானாவையும் வராந்தாவுக்கு அழைத்துப்போய், "திராட்சை அறுப்பு வரைக்கும்," என்றார். அதாவது செப்டம்பர். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் நோயாளியிடம் நோயைச் சொல்லும் வழக்கம் கிடையாது. வீட்டாரிடம் சொல்வார்கள். வீட்டார் 'வெறும் புண்' என்பார்கள். நோயாளி ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்வார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் அன்பு. சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிய லொரெதானா, அம்மாவுக்காக ஜெபிக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் அழுதாள். அது சமையல்காரியின் காதில் விழுந்தது. அப்புறம் என்ன, ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் ஓவிதியோ தலையில் இன்னொரு சத்தியமும் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன், தன் தாயைப் புதைத்துவிட்டு வந்த அன்று டெல்ஃபினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மாவ புண்ணு புண்ணுன்னு ஏமாத்தியே அனுப்பிட்டோம். என்னை அப்படி அனுப்பிடாத. எனக்கு வந்தா நீதான் சொல்லணும்." அவர் சரி என்றார். மகளின் கண்ணுக்கு எட்டாத ராவென்னாவில் இன்று எப்படியாவது சொல்லிவிடுவது என்றுதான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் கோவில் உள்ளே ஒரே இருட்டு. பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும். வேறு எவனாவது போடட்டும் என்று நாற்பது பேரும் இருட்டில் கல்லாக நின்றார்கள். சிவப்புக் குடையோடு முன்னால் நின்ற வழிகாட்டிப் பெண் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தாள். ஓவிதியோ இருநூறு லிரா நாணயம் ஒன்றைப் போட்டார். மேலே வண்ணக்கல் பதித்த பச்சைப் புல்வெளி பளிச்சென்று எழுந்தது. அதில் வரிசையாக வெள்ளாட்டுக் குட்டிபோல் மெலிந்த செம்மறிகள்.

"இவ்வளவு புல்லு இருந்தும் இப்படி மெலிஞ்சு கெடக்கே. மேய்ப்பன் சரியில்ல," என்றாள் டெல்ஃபினா.

இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். விளக்கு அணைந்தது. இன்னொரு காசு போட்டார்.

"என்ன, இன்னிக்கு வள்ளலாயிட்ட?"

"டெல்ஃபினா..."

"சொல்லு."

"ஆடு பன்னெண்டு இருக்கு," என்றார் ஓவிதியோ. தன் மேலேயே அவருக்கு வெறுப்பாக வந்தது.

மதியம் பைன் மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஆளாளுக்கு டெல்ஃபினா மடியில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருத்தி கோழிக்கால், ஒருத்தி பாதாம் கேக். பாதிரியார் தன் தனிப் புட்டியிலிருந்தே வைன் ஊற்றினார். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. டெல்ஃபினா ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தாளே தவிர வாயில் போடவில்லை. எல்லாரும் நகர்ந்தபின் கேட்டாள்:

"ஓவிதியோ, எங்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

"என்ன இருக்கு? சாப்பிடு. ஆறிடப் போகுது."

ரொட்டியும் பதப்படுத்திய சலாமி இறைச்சியும். ஆறுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

அவள் மடியை உதறிவிட்டு எழுந்தாள். நேரே செசீராவிடம் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். என்ன பேசினார்கள் என்பது ஓவிதியோவுக்குக் கேட்கவில்லை. செசீரா முதலில் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னாள். சொன்னவள்தான் அழுதாள். கேட்டவள் தன் கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் வரை டெல்ஃபினா சிவப்புக் குடைக்குப் பின்னாலேயே எல்லாக் கோவிலுக்கும் நடந்தாள். வழிகாட்டிப் பெண்ணிடம் சந்தேகம்கூடக் கேட்டாள். ஓவிதியோ பின்னால் திருடன் போல் வந்தார்.

பேருந்து ராவென்னாவைத் தாண்டியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம் அவளே ஆரம்பித்தாள்.

"செசீரா சொல்லிட்டா. அவமேல கோவப்படாத. இருபது வருஷமா என் மூஞ்சிக்கு நேரா திட்டுனவ பொய் சொல்லமாட்டான்னுதான் அவகிட்ட போனேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. எவ்வளவு நாளு?"

மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. துருத்திக்கொண்டிருந்த அவள் கழுத்து எலும்பைப் பார்த்தார். அவ்வளவுதான், அந்தச் சொல் உள்ளே போய்விட்டது.

"ஒரு வருஷம்னு சொன்னாரு டாக்டரு. மேலயும் இருக்கலாமாம்."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஒரு வருஷமா, சரி," என்று அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கை பட்டதும் அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, நடைவழியைத் தாண்டி அவள் கிசுகிசுப்பது கேட்டது.

"செசீரா, திராட்சை அறுப்பு வரைக்கும்தான்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"

"ம்."

"அப்போ லொரெதானா இந்த மனுஷனையும் ஏமாத்தியிருக்கா. ஒரு வருஷம்னு நம்பிகிட்டு இருக்கான். அதான் மெதுவா சொல்லிக்கலாம்னு வாயத் திறக்காம இருந்திருக்கான், பாவம். இல்லேன்னா என்கிட்ட மறைக்கிற ஆளில்ல. நீ எதையாவது உளறி வெச்சிடாத, தாங்கமாட்டான்."

"நான் எதுக்கு சொல்லப்போறேன்," என்றாள் செசீரா.

டெல்ஃபினா அவர் கழுத்துவரை கோட்டை இழுத்துப் போர்த்திவிட்டாள். ஓவிதியோ ஊர் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.