கறிக்கடையில் கறுப்பு பீன்ஸ்

கறிக்கடைக்காரம்மாவுக்குச் சர்க்கரை வந்திருப்பது வெளியே தெரியக் கூடாது என்று முதலில் சொன்னது அவள் புருஷன்தான். "நம்ம கறியத் தின்னுதான் வந்துச்சுன்னு பேசுவாங்க. வியாபாரம் படுத்துடும்." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

கடையில் வெட்டுவது அவர் வேலை. தராசும் கல்லாவும் அவள் பொறுப்பு. வீடு மாடியில். விற்காமல் மிஞ்சிய கொழுப்புக் கறியைத்தான் மூன்று வேளையும் சோற்றோடு தின்று வந்தார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோற்றையும் கறியையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அந்த இடத்தில் ராஜ்மா மாதிரி காய்ந்த பயறாக விற்கும் கறுப்பு பீன்ஸைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். அதில் நார்ச்சத்து அதிகம், சாப்பிட்டதும் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது, புரதமும் இருப்பதால் பசி தாங்கும், ரத்தக் கொழுப்பைக் குறைக்கவும் உதவும். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

முதல் தடவை ஊறவைக்காமலே வேகவைத்துவிட்டாள். பல்லுக்கும் பீன்ஸுக்கும் சண்டை. அரைவேக்காட்டில் இறக்கியதைப் பசி தாங்காமல் தின்றுவிட்டு, வயிறு உப்பி விடிய விடியப் புரண்டாள். புருஷன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அவள் விடவில்லை. ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, நசுக்கினால் மாவாகும்வரை குக்கரில் வேகவைத்தாள். வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி வதக்கிச் சேர்த்தாள். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தாள். புளிப்பு சேர்ந்தால் பீன்ஸில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும் என்பதும் டாக்டரம்மா சொன்னதுதான். முதலில் ஒரு கரண்டி, பழகப் பழக இரண்டு. வயிறும் சமாதானத்துக்கு வந்தது.

வம்பு டிபன் பாக்ஸில் வந்தது. மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவது அவள் வழக்கம். கறிக்கடைக்குள் அந்தக் கறுப்புச் சாப்பாட்டைப் பார்த்ததும், வாடிக்கையாக வரும் ஆட்டோக்காரர், "கடைக்காரம்மாவே கறி தொடலையே, கறியில என்னமோ கோளாறு போல" என்று சிரித்துவிட்டுப் போனார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது.

கடையில் பாதிப் பங்குக்காரி நாத்தனார், புருஷனின் அக்கா. விஷயம் காதுக்குப் போனதும் வந்து நின்றாள். இனிமேல் பின்னறையில் வைத்துச் சாப்பிடு என்றாள். பின்னறையில் இருந்தது எலும்புத் தொட்டியும் ஈயும். ஒரு நாள் இவள் அங்கே உட்கார்ந்து பார்த்தாள். சோறு இறங்கவில்லை. மறுநாள் ஸ்டூலை இழுத்து வந்து பழைய இடத்திலேயே போட்டாள்.

வெட்டிக்கொண்டிருந்த புருஷன் கத்தியைக் கீழே வைத்தார். அவள் மூடியைத் திறந்ததும் டிபன் பாக்ஸைப் பிடுங்கிப் போய் எலும்புத் தொட்டியில் கவிழ்த்தார். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆட்டோக்காரரும் இருந்தார்.

அவளுக்குக் கண் கலங்கவில்லை, காதுதான் சுட்டது. நிறுத்துக்கொண்டிருந்த கறியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மாடிக்குப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று காலையிலேயே ஊறப்போட்டிருந்த பீன்ஸ், குக்கர், சின்ன கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்து, கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என்ன பண்ற நீ?" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சமைக்கிறேன். கொட்டுனது என் சாப்பாடு. எனக்குப் பசிக்குது."

பிறகு வரிசையைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "கறியில ஒரு கோளாறும் இல்ல. காலைல வெட்டுனது, பயப்படாம வாங்கிட்டுப் போங்க. எனக்குத்தான் சக்கர. அதான் இதச் சாப்பிடுறேன். இதுல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

புருஷன் முகம் தொங்கிப் போயிற்று. குக்கர் விசிலடித்தது. ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் இருக்கு அக்கா, வீட்லகூடச் சொல்லல" என்றார் மெதுவாக. வரிசையில் நின்ற தையல்கார அம்மா, தன் அண்ணனுக்கும் அதேதான் என்றாள். எத்தனை நேரம் ஊறணும், வாயுத்தொல்லை வராதா என்று கேள்வி கிளம்பியது. கறியையும் நிறுத்துக்கொண்டே பதிலும் சொன்னாள். ஒருவரும் கறி வாங்காமல் திரும்பவில்லை.

சாயங்காலம் நாத்தனார் வந்து அடுப்பைத் தூக்கு என்றாள். "உங்க பங்குக்கு லாபத்தக் கேளுங்க அண்ணி, குடுக்குறேன். என் வயித்துல உங்களுக்குப் பங்கு இல்ல" என்றாள் இவள். நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை. அக்காவுக்கு ஆதரவாக அவர் வாய் திறக்காதது அதுதான் முதல் தடவை.

அடுத்த சோதனையில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரை நிற்கவில்லை. நிற்கும் என்று அவளும் நினைக்கவில்லை. புருஷன் இன்றுவரை பீன்ஸைத் தொடுவதில்லை. பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். மத்தியானமானால் கடைவாசலைப் பார்த்தபடி கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க, பாத்திரம் காலியாகும்வரை நிதானமாகச் சாப்பிடுகிறாள்.